பாட்டியை ‘அம்மா’ என்றழைக்கும் நாட்டில்

ரெய்க்யவிக் நகரிலுள்ள ஐஸ்லாந்துப் பல்கலைக் கழகத்தில் கோடை முடியும் தறுவாயில் புதிய கல்வியாண்டு தொடங்குகிறது. அந்நாட்டு மொழியைக் கற்க வந்த வெளிநாட்டு மாணவர்க்குச் சொல்லித்தரும் முதற் பாடங்களுள் ஒன்று, எல்லா மொழிகளிலும் போலவே, குடும்பம் பற்றியது. தாய்க்கு ‘மம்மா’, தந்தைக்குப் ‘பப்பி’, பாட்டிக்கு ‘அம்மா’. ஆம், நாம் எழுதியதில் பிழை இல்லை. நம் ‘அம்மா’வைப் போலவே ஒலிக்கும் அச்சொல், அங்கே தந்தையைப் பெற்றவளையோ தாயைப் பெற்றவளையோ குறிக்கிறது. தாத்தாவைக் குறிக்கும் சொல் நம் செவிக்கு இன்னும் வியப்பானது. அதனை அவர்கள் ‘ஆவி’ என்று ஒலிக்கின்றனர்! தமிழுக்கும் இச்சொற்களுக்கும் உறவு ஏதும் இல்லை, தற்செயலான ஒப்புமையே. எனினும், நம் வீட்டுப் பிள்ளை ஒருவர் அவ்வகுப்பில் அமர நேர்ந்தால், முதல் வாரத்திலேயே சிரிப்பை அடக்க இயலாது திண்டாடுவார் என்பது உறுதி.

உறவுமுறையில் மற்றொரு நயமும் உண்டு. ஆங்கிலம் ‘அங்கிள்’ என்னும் ஒரே சொல்லில் அடக்கிவிடும் உறவுகளை, ஐஸ்லாந்து மொழி ‘தந்தையின் உடன்பிறந்தான்’, ‘தாயின் உடன்பிறந்தான்’ எனப் பிரித்துச் சொல்ல வல்லது. சித்தப்பாவும் தாய்மாமனும் ஒருவரல்லர் என்பதை அறிந்த மொழி அது. ஆனால் அன்றாடப் பேச்சில் மாமன், மருமகன், ஒன்றுவிட்ட சகோதரன் ஆகிய எல்லாரையும் ஒரே சொல்லால் சுட்டிவிடுவதும் அங்கே வழக்கந்தான்.

நம் பங்குகளிலிருந்து எத்தனையோ பிள்ளைகள் இன்று வெளிநாடு சென்று செருமானியமும் பிரெஞ்சும் கற்கின்றனர். அவை பிழைப்புக்கு உதவும் மொழிகள். ஐஸ்லாந்து மொழியின் நிலை வேறு. அந்நாட்டின் மக்கள் தொகையே நான்கு இலட்சத்துக்குச் சற்றுக் குறைவு. அவர்களிலும் பெரும்பாலோர் ஆங்கிலம் நன்கு பேசுவர். ஆகவே அம்மொழியில் ஒரு சொல்லும் அறியாமலே ஒருவர் அங்கு வந்து, கடையில் ரொட்டி வாங்கி, ஆண்டுக்கணக்கில் வாழ்ந்துவிட முடியும். அவ்வாறு இருந்தும் ஆண்டுதோறும் பல நாட்டு இளைஞர் அங்கு வந்து, ஓராண்டுச் செயன்முறைப் படிப்பிலோ மூன்றாண்டுப் பட்டப் படிப்பிலோ சேர்ந்து, அம்மொழியோடு மல்லாடுகின்றனர். ஏன் என்பதை ஆராய்ந்தபோது, குடும்பங்களும் திருச்சபையும் அறிந்துகொள்ளத் தக்க செய்திகள் சில நமக்குக் கிடைத்தன.

அட்லாண்டிக் மாகடலின் வடக்கே, எரிமலையும் பனியாறும் அடுத்தடுத்து நிற்கும் தீவு ஐஸ்லாந்து. பரப்பளவில் தமிழ்நாட்டைவிடச் சற்றுச் சிறியது. ஒன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நார்வேயிலிருந்து மக்கள் அங்குக் குடியேறினர். அவர்கள் கொண்டுசென்ற மொழி நார்வேயிலும் டென்மார்க்கிலும் காலப்போக்கில் பெரிதும் தேய்ந்து உருமாறிவிட, தனித்துக் கிடந்த தீவில் மட்டும் பழைய இலக்கண அமைப்போடு நிலைத்துவிட்டது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் கன்றுத் தோலில் எழுதப்பெற்ற ‘சாகா’க் கதைகளை, எழுத்துக்கூட்டைச் சிறிது திருத்திக் கொடுத்தால், இன்றைய பள்ளி மாணவர் பெருமளவு தாமே படித்துவிடுவர். உரையாசிரியர் துணையின்றிச் சங்கப் பாட்டில் நாலடி நகர முடியாத நமக்கு இது பொறாமை தருவதுதான்.

பழமையைக் காத்த மொழிக்கு ஒரு விலை உண்டு. அதனைக் கொடுப்பவர் மாணவர். வேற்றுமை நமக்குப் புதிதன்று. ‘ஐ, ஆல், கு, இன், அது, கண்’ என்று தொடக்கப் பள்ளியிலேயே நாம் ஒப்பித்திருக்கிறோம். ஐஸ்லாந்துச் சிறுவரும் அவ்வாறே ஒப்பிக்கின்றனர். ‘இதோ குதிரை, குதிரையைப் பற்றி, குதிரையிடமிருந்து, குதிரையினிடத்துக்கு’ என்னும் பொருள்பட அமைந்த நான்கு சிறு தொடர்களே அவர்களது வாய்பாடு. ‘ஹெஸ்துர், ஹெஸ்த், ஹெஸ்தி, ஹெஸ்த்ஸ்’ என்று குதிரை நான்கு வடிவம் எடுக்கிறது. எட்டு வேற்றுமை உடைய நமக்கு நான்கு எம்மாத்திரம் என்று கேட்கத் தோன்றும். பொறுத்தருள்க. தமிழில் ‘ஐ’ என்னும் உருபு குதிரைக்கும் வீட்டுக்கும் அன்னம்மாளுக்கும் ஒன்றே. அங்கோ சொல்லின் பாலுக்கு ஏற்பவும், எண்ணுக்கு ஏற்பவும், அச்சொல் எவ்வினத்தைச் சேர்ந்தது என்பதற்கு ஏற்பவும் உருபு மாறிக்கொண்டே போகிறது. புத்தகத்தைக் குறிக்கும் சொல் மூன்று வேற்றுமையில் அசையாது நின்று, நான்காவதில் மட்டும் வால் முளைத்து நிற்கும்.

உருபு மாறுவதோடு நில்லாமல், சொல்லின் நடுவிலுள்ள உயிரெழுத்தும் மாறிவிடும். மலைகளுக்கிடையே நிலத்துக்குள் புகுந்து கிடக்கும் கடற்கழியை அவர்கள் ‘ஃபியொர்துர்’ என்பர். அது இரண்டாம் வடிவில் ‘ஃபியொர்த்’, மூன்றாவதில் ‘ஃபிர்தி’, நான்காவதில் ‘ஃபியர்தர்’ ஆகிறது. தலைநகருக்கு அருகில் ஹப்னர்ஃபியொர்துர் என்று ஓர் ஊர் உண்டு. போலந்து நாட்டுக் கார்மேல் கன்னியர் 1984 முதல் அங்குள்ள மடத்தில் செபவாழ்வு நடத்தி வருகின்றனர். அவ்வூருக்குச் செல்லும் மாணவர், வழிகேட்கையில் ஒரு வடிவமும், அங்கே வசிப்பதாகச் சொல்லுகையில் வேறொரு வடிவமும் சொல்லியாக வேண்டும். ‘மரம்’ என்று கற்ற வெளிநாட்டார் ‘மரத்தை’ என்பதைக் கேட்டு விழிப்பதை நாம் கண்டதுண்டு. அத்தகைய விழிப்பு அங்கே நாள்தோறும் நேர்கிறது.

அப்பல்கலைக் கழகம் 2004 முதல் இணைய வழியில் கட்டணமின்றி நடத்தும் தொடக்கப் பாடங்களில் நாமும் சில வாரம் அமர்ந்து பார்த்தோம். தலைநரைத்த காலத்தில் ஏன் இந்த வேலை என்று இல்லத்தார் கேட்டதற்கு மறுமொழி கூற இயலவில்லை. குதிரையைக் கடந்தோம், கடற்கழியில் மூழ்கினோம்.

மனிதரின் பெயரும் தப்புவதில்லை. அன்னா என்னும் பெண் வந்தால் ‘அன்னா’; அன்னாவைப் பற்றிப் பேசினால், அவளுக்கு ஒன்றைக் கொடுத்தால், ‘ஒன்னு’! ஒன்று முதல் நான்கு வரையுள்ள எண்களும் பால் காட்டி மாறும். இதை மட்டும் தமிழர் எளிதில் உணர்வர். ஒருவன், ஒருத்தி, ஒன்று என்று நாமும் பிரிப்பதுண்டு அன்றோ? ஆனால் நாம் பொருளை நோக்கிப் பால் பகுக்கிறோம். அவர்கள் சொல்லை நோக்கிப் பகுக்கின்றனர். குதிரை ஆண்பால், புத்தகம் பெண்பால், வீடு பலவின்பாலுக்கும் இடமளிக்கும் அஃறிணை. குழந்தை அஃறிணை, இதில் ‘குழந்தை அழுதது’ என்னும் நம் வழக்கோடு ஒத்துப்போகின்றனர். கவிஞரும் அஃறிணையே, இதற்கு விளக்கம் கேட்காதிருப்பது நலம். ஆணும் பெண்ணும் கலந்த கூட்டத்தைச் சுட்டுங்கால், ஆண்பாலும் வேண்டா, பெண்பாலும் வேண்டா என்று அஃறிணைப் பன்மையைக் கையாளுகின்றனர். குடும்பம் முழுவதையும் ‘அவை’ என்று சொன்னால் நமக்கு எப்படியிருக்கும்? அங்கே அதுவே முறை.

ஒலிப்பில் நமக்கு ஒரு சலுகை உண்டு. ‘அது’, ‘இது’ என்பவற்றில் நாம் தகரத்தை எவ்வளவு மென்மையாக ஒலிக்கிறோமோ, அதே ஒலிக்கு அவர்கள் நெடுவாலில் குறுக்குக்கோடு இட்ட தனி எழுத்து வைத்துள்ளனர். பல ஐரோப்பிய மாணவர் நாவை மடக்கித் திணறும் இடத்தில் தமிழர் இயல்பாகக் கடந்துவிடுவர். இரட்டை லகரம் ‘ட்ல்’ என ஒலிப்பதுதான் எல்லார்க்கும் இடறல். 2010 ஏப்ரலில் வெடித்து, ஐரோப்பிய வான்வழிகளையே மூடச்செய்த எரிமலையின் பெயரை உச்சரிக்க உலகெங்கும் செய்தி வாசிப்போர் பட்ட பாடு நேயர்களுக்கு நினைவிருக்கும். ‘எய்யஃபியட்லயொகுட்ல்’ என்னும் அந்நீண்ட பெயர், தீவு, மலை, பனியாறு என்னும் மூன்று சொற்கள் புணர்ந்த தொகைச் சொல்லே. மற்றொரு வேடிக்கை: ‘ஆம்’ என்பதற்கு ‘யௌ’ என்னும் சொல்லை அவர்கள் பல வேளை மூச்சை உள்ளிழுத்தவாறே சொல்வர். எதிரிலிருப்பவர் ஏதோ கண்டு திடுக்கிட்டார் போலும் என்று புதிய மாணவர் எண்ணுவதுண்டு.

தந்தையின் பெயரோடு ‘மகன்’ அல்லது ‘மகள்’ என்பதைச் சேர்த்தே அவர்கள் தம் பெயரை அமைக்கின்றனர். பரம்பரைக் குடும்பப் பெயர் சிலர்க்கே உண்டு. தந்தையின் பெயரை முதலெழுத்தாக முன்னே இடும் நமக்கு இது விளங்கும். எனவே யோன் என்பவரின் மகளை ‘யோன்மகள்’ என்று மட்டும் அழைப்பது பொருளற்றது. மாணவர் பேராசிரியரையும், மக்கள் தலைமை அமைச்சரையும் இயற்பெயர் சொல்லியே அழைக்கின்றனர். ‘நீங்கள்’ என்பதற்கு ஈடான மரியாதைச் சொல் ஒன்று முன்பு வழங்கிற்று. இன்று ஏறக்குறைய மறைந்துவிட்டது. ஆயரையும் ‘நீ’ என்று விளிக்கும் நாடு அது. மரியாதைக் குறைவு என்று நாம் முகம் சுளிக்கலாம். ஆண்டவரிடம் செபிக்கையில் நாமும் ‘நீர்’ என்று ஒருமையில் பேசுகிறோம் என்பதை எண்ணினால் சுளிப்பு நீங்கும்.

இனி, நம்மை மிகவும் கவர்ந்த செய்திக்கு வருவோம். வெள்ளிக்கிழமையை அம்மொழியில் ‘ஃபொஸ்துதாகுர்’ என்பர். அதன் பொருள் ‘நோன்பு நாள்’. ஆங்கிலத்திலும் மற்ற வட ஐரோப்பிய மொழிகள் பலவற்றிலும் கிழமைகள் பல பழைய தெய்வங்களின் பெயரால் வழங்க, ஐஸ்லாந்தில் செவ்வாய் ‘மூன்றாம் நாள்’, புதன் ‘வார நடுநாள்’, வியாழன் ‘ஐந்தாம் நாள்’, வெள்ளி ‘நோன்பு நாள்’, சனி ‘குளியல் நாள்’. ஹோலார் மறைமாவட்டத்தின் முதல் ஆயரான புனித யோன் (1106 முதல் 1121 வரை ஆயராயிருந்தவர்) பழந்தெய்வங்களின் பெயர்களை விலக்கச் செய்தார் என்பது அந்நாட்டு மரபு. ஒன்பது நூற்றாண்டுகள் கடந்துவிட்டன. நடுவே நாடு கத்தோலிக்க மறையை விட்டு லூத்தரன் சபைக்குச் சென்றது. பின்னர்ப் பலர் எந்தச் சபைக்கும் செல்லாதவராயினர். எனினும் வெள்ளியன்று மாலை கேளிக்கைக்குப் புறப்படும் இளைஞனும் தன்னையறியாமல் ‘நோன்பு நாள்’ என்றே சொல்லிப் புறப்படுகிறான். விடைபெறுகையில் அவர்கள் சொல்லும் ‘பிளெஸ்’ என்பதும், ‘ஆசி பெற்றிரு’ என்னும் முழுத் தொடரின் தேய்ந்த வடிவமே. நம் பெரியோர் குருவானவரைக் கண்டவுடன் ‘தோத்திரம் சுவாமி’ என்பது போன்றதே அது. இவற்றையெல்லாம் மாணவர் சொற்பட்டியலில்தான் சந்திக்கிறார். வேதியர் ஒருவரும் போதிக்காமலே ஒரு நாட்டின் மறை வரலாறு அவர் கையில் வந்து சேருகிறது.

கடைசிக் கத்தோலிக்க ஆயரான யோன் ஆராசன், 1550 நவம்பர் 7 அன்று ஸ்கௌல்ஹோல்ட்டில் தம் மைந்தர் இருவரோடு தலைவெட்டிக் கொல்லப்பட்டார். (குருக்கள் மணத்துறவை அக்காலத்து அத்தீவில் ஒழுங்காகக் கடைப்பிடிக்கவில்லை என்பதை மறைப்பதற்கில்லை.) அவர் கவிஞர், அந்நாட்டுக்கு முதல் அச்சகத்தைக் கொணர்ந்தவரும் அவரே. அவரோடு பழைய திருச்சபை அங்கே வீழ்ந்தது. ஆனால் உண்மை ஒன்றை நாம் மனத்தாங்கலின்றி ஒப்புக்கொள்ள வேண்டும். ஆட்சி டென்மார்க்கினுடையதாயிருந்தும், கோவிலுக்குள் டேனிஷ் மொழி நுழையவில்லை. புதிய ஏற்பாடு 1540-இலும், விவிலியம் முழுவதும் 1584-இலும் ஐஸ்லாந்து மொழியில் அச்சாயின. அண்டை நாடான நார்வேயில் டேனிஷ் விவிலியமே வழங்கியதால் அங்கே எழுத்து மொழியும் டேனிஷ் ஆயிற்று. ஐஸ்லாந்து அவ்விதியிலிருந்து தப்பிற்று.

அம்மொழியைத் தாங்கி நின்ற இடம் குடும்பமே. மண்ணும் புல்லும் கொண்டு எழுப்பிய தாழ்ந்த பண்ணை வீடுகளில், நீண்ட குளிர்கால இரவுகளில், வீட்டார் யாவரும் ஒரே அறையில் கூடுவர். பெண்கள் கம்பளி நூற்பர். ஆடவர் கயிறு முறுக்குவர். ஒருவர் விளக்கடியில் அமர்ந்து உரக்கப் படிப்பார். முதலில் பழங்கதைகள், முடிவில் வீட்டு வழிபாடு: மறையுரை நூலிலிருந்து ஒரு பகுதி, ஒரு பாட்டு, செபம். பண்ணைத் தலைவரும் கூலியாளும் அதே சொற்களைக் கேட்டனர். பிள்ளைகள் எழுத்தறிந்ததும் பெரும்பாலும் அவ்வறையில்தான். தவக்காலத்தில் ஹால்கிரீமுர் பெத்துர்சன் இயற்றிய ஐம்பது பாடுகளின் பாக்கள், நாளுக்கொன்றாகப் பாடப்பெற்றன. 1666-இல் முதலில் அச்சான அந்நூலை இன்றும் தவக்காலந்தோறும் தேசிய வானொலி நாளுக்கொரு பாவாக வாசித்து வருகிறது. நம் வீடுகளில் மாலைச் செபமாலை நின்றுபோனது எப்போது என்று எண்ணிப் பார்க்கும் நிலையிலுள்ள நமக்கு, அந்த அறையின் காட்சி சற்று நேரம் கண்ணைவிட்டு அகல மறுக்கிறது.

வெளிநாட்டு மாணவருள் முன்னோடி ராஸ்முஸ் ராஸ்க் என்னும் டேனிஷ் இளைஞர். 1787-இல் பிறந்த ஏழைக் குடியினர். பள்ளிப் பருவத்திலேயே பழைய நூலொன்றைக் கையில் வைத்துக்கொண்டு, அகராதியும் இலக்கணமும் இன்றி, வடிவங்களைத் தாமே ஒப்பிட்டு ஒப்பிட்டு மொழியைக் கற்றார். இருபத்து நான்காம் வயதில், 1811-இல், அம்மொழிக்கு இலக்கணம் வெளியிட்டார்! 1813-இல் கப்பலேறி ஐஸ்லாந்து சென்று ஈராண்டு தங்கினார். பிற்காலத்தில் இந்தியா வழியாக இலங்கைவரை வந்து, பாளி ஏட்டுச் சுவடிகளைத் திரட்டிச் சென்றவரும் இவரே. ரெய்க்யவிக் வந்திறங்கிய ராஸ்க் கண்ட காட்சி அவரைக் கலங்கச் செய்தது. வணிகரும் அலுவலரும் டேனிஷ் கலந்து பேசினர். நூறு ஆண்டில் இந்நகரில் ஐஸ்லாந்து மொழி அறிந்தோர் இரார். அதன்பின் மேலும் இருநூறு ஆண்டில் நாடு முழுவதிலுமே அரிதாகிவிடுவர் என்று அவர் அஞ்சி எழுதினார். அஞ்சியதோடு அமையாமல், 1816-இல் ஐஸ்லாந்து இலக்கியக் கழகம் தோன்றுவதற்கும் காரணமானார்.

அவர் குறித்த நூறு ஆண்டு முடிய இரண்டு ஆண்டு இருக்கையில், 1911 ஜூன் 17 அன்று, அதே ரெய்க்யவிக்கில் ஐஸ்லாந்துப் பல்கலைக் கழகம் பிறந்தது. டென்மார்க்கு கொண்டுபோயிருந்த பழஞ்சுவடிகளுள் முதல் இரண்டு, 1971 ஏப்ரல் 21 அன்று போர்க்கப்பலில் திரும்பி வந்தபோது, பெருந்திரளான மக்கள் துறைமுகத்தில் கூடி நின்றனர். நம் நாட்டில் திருப்பண்டத்துக்கு அளிக்கும் வரவேற்பை அவர்கள் தோல் ஏட்டுக்கு அளித்தனர். இன்று அச்சுவடிகள் ‘எத்தா’ என்று பெயரிட்டு 2023-இல் திறந்துவைத்த முட்டை வடிவக் கட்டடத்தில் உள்ளன. ஐஸ்லாந்து மொழித் துறையும் அங்கேயே இயங்குகிறது.

புதுப் பொருள்களுக்குப் பெயரிடுவதில் அவர்களது மனப்பாங்கு நம் தமிழறிஞர்களின் மனப்பாங்கே. தொலைபேசிக்கு, ‘இழை’ என்னும் பொருளில் வழங்கி மறைந்திருந்த பழஞ்சொல் ஒன்றைத் தூசு தட்டி எடுத்து, ‘சீமி’ என்றனர். மின்சாரம் அவர்கட்கு ‘அம்பர் ஆற்றல்’. அப்பல்கலைக் கழகத்துக்கு 1964-இன் இறுதியில் முதற் கணினி வந்து சேர்ந்தது. அறிஞர் சிகுர்துர் நோர்தால், எண்ணைக் குறிக்கும் சொல்லையும் குறிசொல்லும் மூதாட்டியைக் குறிக்கும் சொல்லையும் இணைத்து, அதற்குத் ‘தொல்வா’ என்று பெயர் சூட்டினார். எண்களால் குறிசொல்லும் கிழவி! ‘கணினி’ என்னும் நம் சொல் நேர்த்தியானதுதான்; ஆயினும் அதில் இந்தச் சிரிப்பு இல்லை.

இத்தனை காத்த மொழிக்கு இன்று நேர்ந்துள்ள இடர் ஆங்கிலம். மாணவரின் பெருங்குறையும் அதுவே. வேற்றுமைகளை இரவெல்லாம் உருப்போட்டு, ரொட்டிக் கடையில் நின்று, வாக்கியத்தை மனத்தில் மூன்று முறை ஒத்திகை பார்த்து, அவர் வாய் திறக்கிறார். உருபு ஒன்று பிறழ்கிறது. கடைக்காரர் புன்முறுவலோடு ஆங்கிலத்தில் விடை கூறுகிறார். இது பகைமையன்று, விருந்தினரை வருத்தக்கூடாது என்னும் பரிவே. ஆனால் அப்பரிவே கதவை அடைத்துவிடுகிறது. தவறிப் பேசும் குழந்தையிடம் தாய் வேற்று மொழிக்கு மாறுவதில்லை, அவள் காத்திருக்கிறாள். வளர்ந்தவர்க்காகக் காத்திருப்பவர் மிகச் சிலரே. டிசம்பரில் ரெய்க்யவிக்கில் பகலொளி நான்கு மணி நேரத்துக்குச் சற்று மேல்தான். இருளில் புறப்பட்டு இருளில் திரும்பும் அந்நாள்களில், தேர்வும் நெருங்குகையில், பலர் மனம் சோர்ந்து விடுகின்றனர். ஊர்தோறும் உள்ள வெந்நீர்க் குளங்களுக்குச் செல்லுமாறு அவர்கட்கு அறிவுரை கூறுவர். அங்கே கழுத்தளவு வெந்நீரில் அமர்ந்து, வானிலை முதல் அரசியல் வரை முதியோர் பேசிக்கொண்டே இருப்பர். அவசரம் எவர்க்கும் இல்லை.

இன்று அந்நாட்டில் வாழ்வோருள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் வெளிநாட்டிலிருந்து குடிபெயர்ந்தவர். அவர்கள் மொழியைக் கற்காவிடின் மொழியே சுருங்கும் என்பதைப் பலரும் உணரத் தொடங்கியுள்ளனர். மேற்குக் கடற்கழிப் பகுதியிலுள்ள ஈசாஃபியொர்துர் என்னும் சிற்றூரில், ‘ஐஸ்லாந்து மொழிக்கு ஒரு வாய்ப்பளிப்போம்’ என்னும் பொருளுடைய இயக்கம் ஒன்று தோன்றியுள்ளது. அது மாணவரைவிட ஊராரை நோக்கியே பேசுகிறது: மெதுவாகப் பேசுங்கள், ஆங்கிலத்துக்குத் தாவாதீர்கள், பிழையைப் பொறுங்கள் என்று. மொழி கற்பதில் பாதி வேலை கற்பவருடையது. மறுபாதி கேட்பவருடையது என்பதை அவ்வூரார் கண்டுகொண்டனர்.

கத்தோலிக்கத் திருச்சபையும் அங்கே மாணவராகவே வாழ்கிறது. ரெய்க்யவிக் மறைமாவட்டம் 1968-இல் ஏற்பட்டது; நாடு முழுவதும் ஒரே மறைமாவட்டம். முதல் ஆயர் முதல் 2015-இல் நியமனம் பெற்ற கப்புச்சின் துறவி டேவிட் டென்சர் வரை ஐவர் பொறுப்பேற்றனர். ஹாலந்து நாட்டவர் இருவர், ஐஸ்லாந்து மரபில் வந்த அமெரிக்கச் சேசு சபைக் குரு ஒருவர், சுவிட்சர்லாந்தினர் ஒருவர், ஸ்லோவாக்கியர் ஒருவர். ஒருவர்க்கேனும் அது பிறந்த மண் அன்று. வீரமாமுனிவர் நம்மிடையே வந்து அரிச்சுவடி தொடங்கியதுபோல், அவர்களும் ‘இதோ குதிரை, குதிரையைப் பற்றி’ என்று தொடங்க வேண்டியவர்களே. 1929-இல் அர்ச்சிக்கப்பட்ட கிறிஸ்து அரசர் பேராலயத்தில் இன்று திருப்பலிக்கு வருவோருள் பெரும்பாலோர் போலந்து, பிலிப்பைன்ஸ், லித்துவேனியா முதலிய நாடுகளினர். வீட்டில் தாய்மொழி, வேலையில் ஆங்கிலம், பிள்ளைகளுக்குப் பள்ளியில் ஐஸ்லாந்து மொழி என்று அவர்கள் மூன்று கரைகளில் வாழ்கின்றனர்.

எதிர்த்திசையில் சென்றவரும் ஒருவர் உண்டு. நோன்னி என்று உலகறிந்த சேசு சபைக் குரு யோன் ஸ்வைன்சன், 1857-இல் வட ஐஸ்லாந்தில் பிறந்தார். பிரெஞ்சுப் பிரபு ஒருவர் படிக்க வைக்க முன்வந்தமையால், 1870-இல், பன்னிரண்டு வயதில், தாயைப் பிரிந்து கப்பலேறினார். போர் மூண்டதால் கோபன்ஹேகனில் தங்க நேர்ந்தது; அங்கே கத்தோலிக்கரானார். பிறகு பிரான்சில் கல்வி. டென்மார்க்கில் பல்லாண்டு ஆசிரியப் பணி. தம் இளமைக் கடற்கழியின் கதைகளை அவர் எழுதியது செருமானிய மொழியில். பல நாட்டுச் சிறுவர் படித்து மகிழ்ந்த அக்கதைகளை அவருடைய சொந்த ஊர்ச் சிறுவர் மொழிபெயர்ப்பிலேயே படித்தனர். 1944-இல், போரின் நடுவே, செருமனியிலுள்ள கொலோன் நகரில் அவர் இறந்தார். அக்குரேய்ரியில் அவர் வளர்ந்த சிறு மரவீடு இப்போது அருங்காட்சியகம்.

மீண்டும் ரொட்டிக் கடைக்கே வருவோம். இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி வரிசையில் நிற்கிறாள் என்று கொள்வோம். வெளியே பனிமழை. தன் முறை வந்ததும், இரண்டு ரொட்டி வேண்டும் என்பதை, பால் பிறழாமல், உருபு பிறழாமல், மெதுவாகச் சொல்லுகிறாள். பலகைக்கு அப்பால் நிற்கும் பெண், ஆங்கிலத்துக்கு மாறாமல், அதே மெதுவான ஐஸ்லாந்து மொழியில் விலை சொல்லுகிறாள். அவளுடைய ஒலிப்பிலும் ஏதோ வேறுபாடு தெரிகிறது. அவள் போலந்து நாட்டவள்; மாலை வகுப்பில் மொழி பயில்பவள். இவளுக்கு அவள் மொழி தெரியாது. அவளுக்கு இவள் மொழி தெரியாது. இருவரும் வெள்ளிக்கிழமைக் கூட்டத்தைப் பற்றியும் பனியைப் பற்றியும் நாலு வார்த்தை பேசுகின்றனர்; ஓரிரு உருபுகள் பிறழ்கின்றன; பின்னால் நிற்கும் ஐஸ்லாந்து முதியவர் திருத்தாமல் கேட்டுக்கொண்டிருக்கிறார். ரொட்டியை வாங்கிக்கொண்டு இவள் ‘பிளெஸ்’ என்கிறாள். அவளும் ‘பிளெஸ், பிளெஸ்’ என்கிறாள்.